புளி போட்டுத் துலக்காதீர்கள்: பழம்பொருள் பதிவு கேள்வி பதில்

தாமிரபரணிக் கரை ஊர்களில் சின்னச் சின்னக் காட்சியகங்களுக்குப் பொருள் பதிவு செய்யும் தன்னார்வலர்கள் கேட்டவையும் நான் சொன்னவையும்.

அம்பாசமுத்திரத் தம்பி: அண்ணாச்சி, வந்த செம்பு, குத்துவிளக்கு எல்லாம் கறுத்துக் கிடக்கு. புளி போட்டுத் துலக்கிவிட்டுப் பதிவு நம்பர் போடலாமா?

வேண்டவே வேண்டாம். புளி கறுப்போடு சேர்த்து உலோகத்தையும் கொஞ்சம் அரித்துவிடும். சீர்ப் பாத்திரங்களின் கழுத்தில் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருப்பார்கள். வீட்டில் துலக்கித் துலக்கியே அது பாதி தேய்ந்திருக்கும். டார்ச்சைப் பக்கவாட்டில் பிடியுங்கள், எழுத்து தெரியும். எழுத்துப்பிழை இருந்தாலும் திருத்தாமல் எழுதிக்கொள்ளுங்கள். தூசிக்கு மெல்லிய பிரஷ் போதும்.

மேலப்பாளையம் தங்கச்சி: நம்பரை நகப்பூச்சு அடித்து அதன்மேல் எழுதலாமா?

நாளாக ஆக மஞ்சளாகி உரிந்துவிடும். பாராலாய்டு பி-72 என்ற பிசினை அசிட்டோனில் கரைத்து, அடிப்பக்கத்தில் சின்னதாக ஒரு பட்டை பூசிக் காயவிட்டு, அதன்மேல் மையால் எழுதி, மேலே இன்னொரு பூச்சு. துணிக்கும் பாய்க்கும் இது ஆகாது, நாடாவில் எழுதித் தைத்துவிடுங்கள். ஓலைச்சுவடிக்குக் கயிற்றில் சீட்டு.

கல்லிடைக்குறிச்சி ஆசிரியர்: ஒரு ஓலையில் 1021 என்று ஆண்டு இருக்கிறது. ஆயிரம் வருஷப் பழசா?

இல்லை சார். முன்னால் ‘கொல்லம்’ என்று இருக்கிறதா பாருங்கள். நம் சீமை ஆவணங்களில் கொல்லம் ஆண்டுதான் அதிகம். ஆவணி ஒன்றாம் தேதி அது பிறக்கும். ஆவணியிலிருந்து டிசம்பர் முடிய 824, ஜனவரியிலிருந்து ஆடி முடிய 825 கூட்டிக்கொள்ளுங்கள், ஆங்கில வருஷம் வரும். கார்த்திகை மாதம் 1021 என்றால் 1845. சரிபார்க்கவும் வழி உண்டு: கூடவே விசுவாவசு என்று வருஷப் பெயர் இருந்தால் கணக்கு சரி. வேறு பெயர் இருந்தால் இலக்கத்தைத் தவறாகப் படித்திருக்கலாம். ௲௨௰௧ என்று தமிழ் எண்ணில் எழுதியதில் ஒன்றிரண்டு கோடு மங்கினாலே ஆண்டு மாறிவிடும்.

தூத்துக்குடித் தம்பி: செப்புக்காசில் வி.ஓ.சி. என்று போட்டிருக்கு. நம்ம வ.உ.சி. கப்பல் கம்பெனிக் காசா?

இதைக் கேட்காத ஆளே இல்லை! அது டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி முத்திரை. 1658இல் போர்ச்சுகீசியரிடமிருந்து தூத்துக்குடியைப் பிடித்தவர்கள் அவர்கள். வ.உ.சி.யின் சுதேசிக் கப்பல் கம்பெனி 1906இல்தான் வந்தது.

திசையன்விளை அக்கா: பனையேறிக் குடும்பம் ஒன்று அருவாப்பெட்டி கொடுத்திருக்கிறது. படிவத்தில் ‘கூடை’ என்று போடவா?

அருவாப்பெட்டி என்றே போடுங்க. ‘கூடை’ என்று எழுதினால் அதைத் தேடி வருகிற யாருக்கும் கிடைக்காது. கொடுத்தவர் சொன்ன பெயர் முதலில், நம் விளக்கம் அடுத்து. இடுப்பில் எந்தப் பக்கம் கட்டினார், பாளை அருவாளை எப்படிச் செருகினார் என்று அவரையே கட்டிக் காட்டச் சொல்லிப் படம் எடுங்கள். உள்ளே வெள்ளையாகப் படிந்திருந்தால் சுரண்டிவிடாதீங்க. பதநீர் புளிக்காமலிருக்கக் கலயத்தில் தடவும் சுண்ணாம்பாக இருக்கும். அந்தப் பெட்டி வேலை பார்த்ததற்கு அதுதான் சாட்சி. மரம் ஏறத் துணையாக வைத்துக்கொள்ளும் முருக்குத்தடி இருந்தால் அதையும் கேட்டு வாங்குங்கள். விறகுக் குச்சி என்று பல வீட்டில் அடுப்பில் போய்விட்டது. எந்த விளை (தோப்பு), எத்தனை மரம், யார் ஏறினார் என்பதை அன்றைக்கே எழுத வேண்டும். எனக்குக் கேட்டால் பொருளைவிட இந்த நாலு வரிதான் அவசரம். பொருள் பத்து வருஷம் கழித்தும் இருக்கும், சொல்கிறவர் இருக்க மாட்டார்.

ஸ்ரீவைகுண்டம் தம்பி: கிணறு வெட்டும்போது முதுமக்கள் தாழி வாய் தெரிகிறது. எடுத்து வைத்துவிடலாமா?

கையே வைக்காதீர்கள். வேலையை நிறுத்தி, வி.ஏ.ஓ.வுக்கும் தாசில்தாருக்கும் உடனே சொல்லுங்கள். மண்ணில் கிடைக்கும் புதையலைக் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878லேயே சட்டம் இருக்கிறது. தாழிக்குள் எது எதன்மேல் இருந்தது என்பது தோண்டி எடுத்த நிமிஷமே போய்விடும். ஆதிச்சநல்லூரில் 1876இல் ஜெர்மன்காரர் ஜாகோர் எடுத்தவை பெர்லினுக்குப் போயின. போன வரைக்கும் போதும்.

பாளையங்கோட்டைத் தங்கச்சி: செல்போன் படம் போதுமா?

தாராளமாக. பக்கத்தில் ஸ்கேலும் நம்பர் சீட்டும் இருக்கட்டும், ஃபைல் பெயரும் அதே நம்பர். கம்ப்யூட்டர் இருந்தாலும் பக்கம் எண் போட்ட பைண்டு நோட்டு ஒன்றும் வேண்டும். அதில் அடித்தல் வந்தால் ஒற்றைக் கோடு, பக்கத்தில் தேதி, கையெழுத்து. வெள்ளை மை கூடாது.