லீசிங்கில் ஸ்கூட்டி எடுத்துப் பக்கச் சில்லு பூட்டலாமா?

கேள்வி: வயது 41. இடது கால் முழங்காலுக்கு மேல் இல்லை. கொக்கட்டிச்சோலையில் தையல் வேலை செய்கிறேன். வாரம் மூன்று நாள் மட்டக்களப்புக்குப் போய்வர ஓட்டோவுக்கு மாதம் 18,000 ரூபா போகிறது. பாவித்த ஸ்கூட்டி ஒன்று 3,50,000 ரூபாவுக்கு வந்திருக்கிறது. இரண்டு பக்கமும் சில்லு பூட்ட கராஜில் 90,000 கேட்கிறார்கள். லீசிங்கில் 3 இலட்சம் தருவார்களாம். 36 மாதம், 14 சதவீதம், மாதம் 11,833 ரூபா. வங்கியில் 8 சதவீதத்துக்கு 4 இலட்சம் நிலையான வைப்பு இருக்கிறது, கையில் 1,60,000. வைப்பைத் தொடாமல் லீசிங் எடுக்கலாமா?

பதில்: வேண்டாம். அந்த 14 சதவீதத்தை நீங்கள் கட்டிக் குறைத்த முதலுக்கும் சேர்த்தே கடைசி மாதம்வரை போடுகிறார்கள். வட்டி மட்டும் 1,26,000. குறையும் மீதிக்கு வட்டி என்று பார்த்தால் இது ஆண்டுக்கு 24 சதவீதத்துக்கும் சற்று மேல். ஒரு பக்கம் 8 வாங்கிக்கொண்டு மறுபக்கம் 24 கொடுப்பதில் என்ன சேமிப்பு?

இன்னொரு சிக்கல், கடன் முடியும்வரை வண்டியின் முழு உரிமையாளர் லீசிங் கம்பனிதான். அவர்கள் சம்மதிக்காமல் வண்டியின் இரும்புச் சட்டத்தில் கை வைக்க முடியாது.

வைப்பை உடைக்கவும் தேவையில்லை. அதை ஈடு வைத்து 3 இலட்சம் கேளுங்கள். இப்படியான கடனுக்கு வட்டி வைப்பு வட்டியை விடச் சற்றுத்தான் கூட இருக்கும். குறையும் மீதிக்கு 10 சதவீதம் என்று வைத்தால் 36 மாதத்துக்குத் தவணை சுமார் 9,680, மொத்த வட்டி ஏறக்குறைய 48,500. லீசிங்கோடு ஒப்பிட்டால் 77,500 மிச்சம். சில்லுச் செலவில் பெரும்பங்கு அதிலேயே வந்துவிடும். கையிலுள்ள பணத்தில் 1,40,000 சேர்த்தால் வண்டியும் சில்லும் முடியும். மீதி 20,000 பெயர் மாற்றத்துக்கும் காப்புறுதிக்கும். பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரிடம் சுயதொழில் உதவிக்கு விண்ணப்பியுங்கள். ஆனால் அது வரும் என்று நம்பிக் கணக்குப் போடாதீர்கள்.

பணம் போகும் வரிசைதான் முக்கியம். முதலில் போக்குவரத்து மருத்துவ நிறுவகத்தின் சான்றிதழ், சாரதி அனுமதிப்பத்திர விடயம். அங்கே தடை வந்தால் சில நூறு, ஆயிரத்தோடு போகும். ஸ்கூட்டி வாங்கிய பிறகு வந்தால் இலட்சக்கணக்கில் முடங்கும். மாற்றம் செய்ய மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் அனுமதியையும் முன்கூட்டியே கேளுங்கள். காப்புறுதிக்காரருக்கும் எழுத்தில் அறிவியுங்கள். பக்கச் சில்லை மறைத்து எடுத்த காப்புறுதியில் விபத்து நடந்தால் நட்டஈடு சிக்கலாகும்.

ஸ்கூட்டி தெரிவு சரி. கியர் இல்லை, இரண்டு பிரேக்கும் கையில். ஆனால் 90,000க்கு என்ன தருகிறார்கள் என்று பாருங்கள். ஸ்கூட்டியில் எஞ்சினும் பின்சில்லும் ஒன்றாகவே மேலும் கீழும் அசையும். பக்கச் சில்லுத் தாங்கியை அந்த எஞ்சினின் அலுமினிய உறையில் பூட்டினால் வெடிப்பு விழலாம். பிரதான சட்டத்தின் இரும்புக் குழாயில்தான் பூட்ட வேண்டும். ஒவ்வொரு பக்கச் சில்லுக்கும் தனி ஷாக் வேண்டும். அது இல்லாவிட்டால் நடுச்சில்லு பள்ளத்தில் இறங்கும்போது பக்கச் சில்லுகள் வண்டியைத் தூக்கிப் பிடிக்கும், பின்டயர் அந்தரத்தில் சுற்றும். படுவான்கரை கிறவல் பாதையில் இது அடிக்கடி நடக்கும். பக்கச் சில்லுகளின் உயரத்தை நீங்கள் ஏறி உட்கார்ந்த நிலையில்தான் சரிபார்க்க வேண்டும்.

இந்த வண்டி சாயாது. வளைவில் வேகத்தைக் குறைத்து, உடம்பை உள்பக்கம் சாய்க்கவேண்டும். சரிவில் நிறுத்த பிரேக் பிடியைப் பூட்டிவைக்கும் கொக்கி ஒன்றும், ஊன்றுகோல் வைக்கத் தாங்கியும் கேட்டு வாங்குங்கள். பின்னோக்கிப் போகும் வசதி சாதாரணப் பக்கச் சில்லுக் கிட்டில் இல்லை. சமதரையில் வலது காலால் தள்ளலாம், ஏற்றத்தில் முடியாது.

பெற்றோலும் டயரும் முன்பைவிடக் கூடத் தின்னும். சில்லுப் பெயரிங்கும் தேயும். மாதம் 2,000 தனியே வையுங்கள்.

கராஜுக்கு முற்பணம் பாதிக்கு மேல் கொடுக்காதீர்கள். உங்கள் தையல் மூட்டையும் ஏற்றி, மண்முனைப் பாலம்வரை ஓடிப் பாருங்கள். ஒரு வாரம் கழித்து எல்லா நட்டும் இறுக்கி, வெல்டிங் ஒட்டில் வெடிப்பு இல்லையென்று பார்த்த பிறகு மீதியைக் கொடுங்கள்.