லாக் போட்டதும் பில் நகரவில்லை என்றால்

அண்ணே, நீங்கள் சொன்னதை வைத்துப் பேசுகிறேன்: காரைக்குடியில் கண்டாங்கிச் சேலைக் கடை, போட்ட பில்லை யாரோ திருத்துகிறார்கள், ஆளைப் பிடிக்க போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸில், எந்தக் கட்டளைகளை லாகில் (பதிவுக் கோப்பில்) எழுதுவது என்று சொல்லும் லாக்_ஸ்டேட்மென்ட் (log_statement) செட்டிங்கை 'ஆல்' (all) ஆக்கினீர்கள், அன்றிலிருந்து பில் நகரவில்லை. லாகும் டேட்டாவும் ஒரே பழைய டிஸ்க்கில்.

'ஆல்' என்பது கடைக்கு வந்தவர் விலை கேட்டதைக்கூடப் பேரேட்டில் எழுதுவது மாதிரி. ஸ்டாக் பார்க்கும் ஒவ்வொரு செலக்ட் கட்டளையும் லாகில் ஒரு வரி. லாக் வரிகளைச் சேர்த்துக் கோப்பில் எழுதும் லாகிங் கலெக்டரும் போட்டிருந்தால் இன்னொன்று உண்டு: அது எந்த வரியையும் தவறவிடாதபடி கட்டப்பட்டது. பின்தங்கினால் வரியைத் தள்ளிவிடாது, டேட்டாபேஸுக்குப் போன உங்கள் கட்டளையைத்தான் நிறுத்தி வைக்கும்.

முதலில் சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள். அந்தச் செட்டிங்கை 'நன்' (none, எதையும் எழுதாதே) என்று மாற்றி, செட்டிங்கை மட்டும் மறுபடி படிக்கும்படி ரீலோட் செய்யுங்கள், ரீஸ்டார்ட் வேண்டாம். அதே பில்லைப் போட்டு நேரம் பாருங்கள். மாறவில்லையா, குற்றவாளி லாக் இல்லை.

மாறினால் 'மாட்' (mod) வையுங்கள். இன்சர்ட், அப்டேட், டெலீட் போன்ற மாற்றங்கள் மட்டும் பதிவாகும். ஆனால் நான் உங்கள் இடத்தில் இருந்தால் பில் டேபிளில் ஒரு ட்ரிகர் (வரி மாறும்போது தானாக ஓடும் சிறு நிரல்) போட்டு, பழைய தொகை, புதிய தொகை, யூசர், நேரம் நாலையும் தனி டேபிளில் எழுதுவேன். திருத்தும்போது மட்டுமே அந்தச் செலவு. எல்லாரும் ஒரே லாகினில் உட்கார்ந்தால் இதுவும் வீண், அதை முதலில் பிரியுங்கள்.

எழுதியது டிஸ்க்கில் நிஜமாகவே சேர்ந்ததா என்று உறுதி செய்யும் எஃப்சிங்கை (fsync) வேகத்துக்காக ஆஃப் செய்யச் சொல்வார்கள். வேண்டவே வேண்டாம். கரண்ட் போனால் டேட்டாவே கெட்டுப்போகலாம்.