‘சீசன் தொழில் வேண்டாம்’ என்கிற பென்னாகரத்து அப்பாவுக்கு

வணக்கம் ஐயா.

பிளஸ் டூ படிக்கும் உங்கள் மகள் அடுத்துச் சுற்றுலாப் படிப்பில் சேர ஆசைப்படுகிறாள். நீங்களோ, “ஒகேனக்கல்லில் இருபது வருடமாகப் பரிசல் ஓட்டுகிறேன், இந்தத் தொழிலின் லட்சணம் எனக்குத் தெரியாதா?” என்று கேட்டிருக்கிறீர்கள். என்னைவிட நன்றாகவே தெரியும். கர்நாடக அணைகளைத் திறந்து, காவிரி நீரை அளக்கும் எல்லையான பிலிகுண்டுலுவில் கன அடி ஏறினால் பரிசலுக்கும் குளியலுக்கும் தடை வந்துவிடும். மீன் வறுக்கும் அக்காவின் அடுப்பும் அன்றே அணையும். ஊரே கொண்டாடும் ஆடிப்பெருக்கு நாளில் உங்கள் பரிசல் கரையில் கவிழ்ந்து கிடந்த வருடங்கள் எத்தனை!

நீங்கள் பயப்படுவது சீசனுக்கு. அதற்காகச் சுற்றுலா முழுவதையும் சேர்த்து ஆற்றில் விட வேண்டாம்.

டெல்லியில் இருப்பவர்களுக்கும் ஏறக்குறைய இதே கவலைதான். மத்திய அரசு 2014-15இல் தொடங்கிய சுவதேஷ் தர்ஷன் என்கிற சுற்றுலாத் திட்டம் பல ஊர்களை ஒரே சுற்றாகக் கோத்தது. அதன் அடுத்த வடிவமான 2.0, ஓர் இடத்தை எடுத்துக்கொண்டு அதை முழுமையாகத் திட்டமிடச் சொல்கிறது. தமிழ்நாட்டில் அதற்குத் தேர்வானவை மாமல்லபுரமும் நீலகிரியும். சுற்றுச்சூழலைக் கெடுக்காத சுற்றுலாவுக்கென்று 2022இல் மத்திய சுற்றுலா அமைச்சகம் தேசிய உத்தி ஒன்றை வெளியிட்டது. 2025-26 பட்ஜெட்டில் மாநிலங்களோடு சேர்ந்து 50 இடங்களை மேம்படுத்துவதாகச் சொன்னார்கள். வீட்டில் விருந்தினரைத் தங்கவைப்போருக்கு முத்ரா என்கிற சிறுதொழில் கடன் என்றும் அறிவித்தார்கள். அறிவிப்பை மட்டும் நம்பி ஒரு பெண்ணின் படிப்பை முடிவு செய்யச் சொல்ல மாட்டேன். பட்ஜெட் உரையில் வந்த கழிப்பறையில் தண்ணீர் வரப் பல வருடம் ஆகும்.

ஆனால் இந்தத் திட்டங்களுக்கு எப்படிப்பட்ட ஆள் வேண்டும் என்று பாருங்கள். ஓர் இடம் ஒரு நாளைக்கு எத்தனை பேரைத் தாங்கும், குப்பை எங்கே போகும், மே மாதம் குவிகிற கூட்டத்தை டிசம்பருக்கும் செவ்வாய்க்கிழமைக்கும் எப்படிப் பிரித்துவிடுவது என்று கணக்குப் போடத் தெரிந்தவர் வேண்டும். தடை போட்ட நாளிலும் அவருக்கு வேலை இருக்கும்; சொல்லப்போனால் அன்றுதான் அதிகம். ஒகேனக்கல் மூடியிருக்கிறது என்றால், பெங்களூரிலிருந்து கிளம்பிவிட்ட குடும்பம் எங்கே போகும்? தீர்த்தமலை இருக்கிறது, ராயக்கோட்டையில் கோட்டை இருக்கிறது, மல்லச்சந்திரத்தில் பழங்கால ஈமச் சின்னங்களான கற்திட்டைகள் இருக்கின்றன, காய்ப்புக் காலத்தில் கிருஷ்ணகிரி மாந்தோப்புகள் இருக்கின்றன. இவற்றைக் கோத்து வண்டி, சாப்பாடு, தங்க ஒரு வீடு என்று ஏற்பாடு செய்யத்தான் ஆள் போதவில்லை. உங்கள் மகள் கன்னடமும் சரளமாகப் பேசுவாள் என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். மதிப்பெண் பட்டியலில் அதற்கு இடம் இல்லை. இந்த வேலையில் பாதி மூலதனம் அதுதான்.

படிப்புக்கு வருகிறேன். குவாலியரைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியச் சுற்றுலா மற்றும் பயண மேலாண்மை நிறுவனம் மத்திய அரசுடையது. பிபிஏ, எம்பிஏ இரண்டும் உண்டு. நமக்குப் பக்கத்து வளாகம் நெல்லூரில். ஓட்டல் நிர்வாகம் என்றால் சென்னை தரமணியில் மத்திய அரசின் நிறுவனம் இருக்கிறது. அதற்கு என்சிஹெச்எம் ஜேஇஇ என்கிற நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். விண்ணப்பக் காலம் பிளஸ் டூ ரிசல்ட்டுக்கு முன்பே முடிந்துவிடும், நம் பக்கத்துப் பிள்ளைகள் கோட்டைவிடுவது அங்கேதான். என்னைக் கேட்டால், வீட்டுக்கு அருகே அரசுக் கல்லூரியில் புவியியலோ பொருளியலோ படித்துவிட்டு, பிறகு சுற்றுலாவில் எம்பிஏ போவது நல்லது. செலவு குறைவு, மனம் மாறினாலும் கை காலியாக நிற்காது. ‘ஆறே மாதத்தில் விமான நிலைய வேலை’ என்று சுவரொட்டி ஒட்டுகிற இடங்களுக்கு மட்டும் பணம் கட்டிவிடாதீர்கள்.

இன்னொன்றையும் மறைக்காமல் அவளிடம் சொல்லுங்கள். முதல் சில வருடம் சம்பளம் சொற்பம். ஊர் பொங்கல் வைக்கும் நாளில் அவள் வேலையில் இருப்பாள்.

அடுத்த தடை நாளில் அவளை ஒகேனக்கல் பஸ் நிலையத்தில் ஒரு நோட்டோடு உட்காரச் சொல்லுங்கள். குளிக்க முடியாமல் திரும்புகிறவர்கள் எத்தனை பேர், எந்த ஊர், வேறு எங்கே போக விரும்பினார்கள் என்று கேட்டு எழுதட்டும். மாலைக்குள் அலுத்துவிட்டால் இந்தப் படிப்பு வேண்டாம். நோட்டில் பக்கம் போதவில்லை என்றால் இருவரும் வாருங்கள், விண்ணப்பத்தைச் சேர்ந்தே நிரப்புவோம்.