கணைக்காலில் போத்தல் உருட்டலாமா?

கேள்வி: எனக்கு 18 வயது. முவே தாய் எனும் தாய்லாந்துக் குத்துச்சண்டை பயில்கிறேன். அடுத்த ஆண்டு தேசிய சேவையில் சேரவிருக்கிறேன். பஞ்சிங் பேக்கை உதைக்கும்போது கணைக்கால் வலிக்கிறது. கண்ணாடிப் போத்தலை உருட்டி, பிரம்பால் தட்டிவந்தால் எலும்பு இரும்பாகிவிடும் என்கிறார் உடன் பயிலும் அண்ணன் ஒருவர். உண்மையா?
– வாசகர், உட்லண்ட்ஸ்

பதில்: போத்தலை உடனே குப்பையில் போடுங்கள், தம்பி. கணைக்கால் எலும்பின் உள்பக்க முகப்பில் தசை கிடையாது. தோலுக்கு அடியில் நரம்புகள் செறிந்த மெல்லிய எலும்புறை மட்டுமே இருக்கிறது. போத்தல் நசுக்குவது அந்த உறையைத்தான். எலும்பை வலுவாக்கும் சுமை எதையும் அது தருவதில்லை.

சுமைக்கு ஏற்ப எலும்பு தன் உள்ளமைப்பையே மாற்றிக்கொள்ளும் என்பதை ஜெர்மானிய மருத்துவர் யூலியஸ் வொல்ஃப் 1892இல் நூலாக எழுதினார். ஆனால், பழைய எலும்பு அரித்தெடுக்கப்படச் சில வாரங்களும், அவ்விடத்தில் புதியது நிரம்பி இறுகப் பல மாதங்களும் ஆவதால், அவசரப்படுபவரின் எலும்பு வலுப்பெறுவதற்குள் நலிந்துவிடுகிறது. ஆகவே வாரத்துக்கு இரண்டு மூன்று நாள், பாதி வேகத்தில், பஞ்சிங் பேக்கின் நடுப்பகுதியை உதைத்துப் பழகுங்கள்; பழைய பேக்குகளில் உள்ளே திணித்தவை கீழே இறங்கி, அடிப்பகுதி கல்லாகியிருக்கும். இணையருடன் மோதிப் பழகும்போது கால்காப்பு கட்டாயம். கோடாலித் தைலம் வலியை மறக்கடிக்கும், அவ்வளவுதான். வலி மறைந்ததை எலும்பு தேறியதாகக் கொள்ள வேண்டாம்.

காலம் செல்லச் செல்ல வலி குறைவதில் மனம் பழகிப்போவதற்கும் பெரும் பங்குண்டு. எலும்பு எவ்வளவு தேறினாலும் முறியாத கால் என்று ஒன்று இல்லை. 2013 டிசம்பரில் லாஸ் வேகஸில் நடந்த கலப்புத் தற்காப்புக் கலைப் போட்டியில், ஆண்டர்சன் சில்வா விட்ட உதையைக் கிறிஸ் வைட்மன் முழங்காலை உயர்த்தித் தடுத்தபோது, உதைத்த சில்வாவின் கால்தான் முறிந்தது. 2021 ஏப்ரலில் அதே வைட்மன், தாம் விட்ட உதை தடுக்கப்பட்டதில் தம் காலை முறித்துக்கொண்டார். ஆண்டுக்கணக்கில் உதைத்துத் தேறிய கால்கள் அவை! முழங்காலுக்குச் சற்றுக் கீழே எலும்பு தடித்திருக்கும், கணுக்காலை நெருங்க நெருங்க மெலியும். தடுப்பவரின் தடித்த பகுதியில் உதைப்பவரின் மெலிந்த பகுதி மோதினால், முறியக்கூடியது உதைத்த கால்தான். அதனால் எதிராளியின் தடுப்பைக் கவனித்து எப்போது உதைப்பது என்று அறிவதற்கே நான் அதிக மதிப்பெண் தருவேன்.

விரல்நுனியால் தொட்டுக் காட்டக்கூடிய ஒரே புள்ளியில் வலித்தாலோ, இரவில் படுத்திருக்கும்போதும் வலித்தாலோ உதைப்பதை நிறுத்திவிட்டுப் பலதுறை மருந்தகத்துக்குச் செல்லுங்கள். நுண்முறிவு தொடக்க வாரங்களில் எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகலாம் என்பதால், படம் தெளிவாக இருந்தும் வலி நீடித்தால் மீண்டும் காட்டுங்கள். பலத்த அடிக்குப் பின் கெண்டைக்கால் கல்லாக இறுகி மரத்துப்போனால் தாமதமின்றி அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்ல வேண்டும். தேசிய சேவையின் நீண்ட நடைப்பயிற்சியும் இதே எலும்பின்மீதுதான் விழும். சேர்வதற்கு முந்திய வாரங்களில் உதையைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் 12 வயது மகனும் இப்படிக் காலைத் தட்டிக்கொள்ள ஆசைப்படுகிறான். விடலாமா?
– ஒரு தாய், ஜூரோங்

பதில்: கூடாதம்மா. அவனுடைய எலும்பின் வளர்ச்சித் தட்டுகள், அதாவது எலும்பு நீளும் இடங்கள், இன்னும் மூடவில்லை. கால்காப்புடன் மென்மையான பயிற்சி மெத்தையை (pad) உதைத்து முறையைக் கற்றுக்கொள்ளட்டும்.