ஸ்விஃப்ட் காரில் புதிதாகப் போட்ட 205/55 ஆர்16 டயர், பின்சீட்டில் ஆள் ஏறினால் உரசுகிறதா?

195/55 ஆர்16-க்கு மாறுங்கள் (முதல் எண் மி.மீ.-இல் அகலம், அடுத்தது அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் டயரின் பக்கச்சுவர் உயரம், கடைசி எண் அங்குலத்தில் ரிம் விட்டம்). உங்கள் பழைய 185/65 ஆர்15 டயரின் விட்டம் 621.5 மி.மீ.; இதன் விட்டம் 620.9. ஸ்பீடோமீட்டர் பிசகாது. இப்போது போட்டிருப்பதோ 631.9, அகலமும் பழையதைவிட 20 மி.மீ. கூடுதல்.

பின்னால் ஆள் ஏறினால் மட்டும் உரசுகிறது என்கிறீர்கள். புது ரிம்மின் ஆஃப்செட் (ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து போல்ட் இறுகும் முகம் எவ்வளவு தள்ளியிருக்கிறது என்ற அளவு) குறைவாக இருக்கலாம். அது குறையக் குறையச் சக்கரம் வெளியே தள்ளி நிற்கும். ரிம்மின் உட்புறத்தில் ‘ET’ என்ற ஆங்கில எழுத்துகளுடன் பொறித்த எண்ணைப் பழைய ரிம்மோடு ஒப்பிடுங்கள். மட்கார்டின் உள்விளிம்பில் பெயிண்ட் தேய்ந்து தகரம் பளபளத்தால் உரசும் இடம் அதுவே. விளிம்பை மடித்துத் தருகிறோம் என்று கடையில் சொல்வார்கள், தயவுசெய்து சம்மதிக்காதீர்கள். பெயிண்ட் வெடித்துத் துருப்பிடிக்கும்.

வாங்கும்போது எடைக் குறியீட்டைப் பாருங்கள். பழைய டயரில் 88, அதாவது ஒரு டயர் 560 கிலோ வரை தாங்கும். புது அளவில் அதைவிடக் குறைந்த 87-ம் விற்பார்கள். 91 கேட்டு வாங்குங்கள்.