ஜன்னலுக்கு வெளியே நின்றவர்கள்

கேள்வி: ஒரே ஊரில் சேர்ந்து வளர்ந்த நாங்கள் வாட்ஸ்அப்பில் 'மலரும் நினைவுகள்' என்று ஒரு குழு நடத்துகிறோம். பம்பரம், கோலி, கோல்ட் ஸ்பாட் குளிர்பானம் என்று தினமும் ஏதாவது படம் வந்துகொண்டே இருக்கும். பக்கத்துத் தெரு வீட்டு ஜன்னல் வழியாக, தூர்தர்ஷனின் வெள்ளிக்கிழமைப் பாட்டு நிகழ்ச்சியான 'ஒலியும் ஒளியும்' பார்த்த சுகம் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குக் கிடைக்குமா? சமூக வலைத்தளங்களால் நமக்கு லாபமா, நஷ்டமா?
– வாசகர், நாகப்பட்டினம் மாவட்டம்

பதில்: லாப நஷ்டக் கணக்கைப் பிறகு பார்ப்போம். ஜன்னல் என்று எழுதியிருக்கிறீர்கள். அதைத் தாண்டி என்னால் போக முடியவில்லை.

வாசல் இருக்க, ஜன்னல் வழியாக ஏன் பார்த்தீர்கள்? வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கும் நேரத்தில் யாரும் வாசற்கதவைச் சாத்துவதில்லை. அந்த வீட்டுக் கூடத்தில் பாய் விரித்துப் பத்துப் பதினைந்து பேர் உட்கார்ந்திருப்பார்கள். அத்தனை பேரும் அந்த வீட்டுக்காரர்கள் இல்லை. அப்படியிருக்க நீங்கள் மட்டும் கம்பியில் கன்னத்தை அழுத்திக்கொண்டு, முன்னால் நிற்பவனின் தலை மறைக்க மறைக்க எக்கிப் பார்த்துக்கொண்டு வெளியே நின்றது எதனால்? உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், இதைப் படிக்கிற முக்கால்வாசிப் பேருக்கும் தெரியும்.

எங்கள் ஊரில் டிவி வந்த புதிதில் பார்வையாளர்களுக்கு மூன்று வகுப்பு இருந்தது. டூரிங் டாக்கீஸில் தரை, பெஞ்சு, சேர் என்று இருந்த மாதிரி டிவி வீட்டில் கூடம், திண்ணை, ஜன்னல். கூடத்தில் உறவும் சாதிசனமும். திண்ணையில் வாத்தியார் பிள்ளைகள், போஸ்ட்மாஸ்டர் பிள்ளைகள். ஜன்னலில் காலனிப் பிள்ளைகள், அந்த வீட்டு வயலில் நடவுக்கும் அறுப்புக்கும் வருகிறவர்களின் பிள்ளைகள். டூரிங் டாக்கீஸிலாவது கூடக் கொஞ்சம் காசு கொடுத்தால் தரையிலிருந்து பெஞ்சுக்குப் போய்விடலாம். இங்கே அந்தப் பேச்சே இல்லை. தலைக்கு நாலணா வாங்கிய வீடுகள்கூட உண்டு. காசை வாங்கிக்கொண்டும் ஜன்னலில்தான் நிற்க வைத்தார்கள்.

அந்த ஜன்னலையும் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். பழைய வீட்டு ஜன்னலுக்கு மேலே இரண்டு, கீழே இரண்டு என்று நாலு கதவு இருக்கும். கீழ்க்கதவுகளைச் சாத்தி மேல்கதவுகளை மட்டும் திறந்து வைப்பார்கள். உயரமான பையனுக்குப் படம் தெரியும், சின்னவனுக்குப் பாட்டு மட்டும் கேட்கும். அவன் செங்கல்லைத் தேடிப் போவான். அடுக்கிய கல்லின் மேல் ஒருவன் ஏற, அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு இன்னொருவன் ஏற, மூன்றாவது பாட்டில் கல் சரிந்து எல்லோரும் விழுந்து, உள்ளேயிருந்து 'யார்டா அது' என்று அதட்டல் வந்து, பாதிப் பாட்டோடு மேல்கதவும் சாத்தப்படும்.

ஆண்டெனா விஷயத்தில் மட்டும் எந்த வித்தியாசமும் பார்க்கவில்லை. உங்கள் பக்கத்துக் கடலோரத்தில் சென்னை நிலையத்தைவிட, 1982இல் தொடங்கிய இலங்கை ரூபவாஹினி தெளிவாகத் தெரிந்த காலம் உண்டு. இரண்டும் வேண்டுமென்றால் கம்பத்தைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். பூஸ்டர் வைத்தாலும் காற்றடித்தால் போச்சு. அப்போது கூடத்திலிருந்து ஒரு குரல் ஜன்னல் பக்கம் வரும். 'டேய், மேலே ஏறி கொஞ்சம் திருப்புடா.' ஜன்னலில் நிற்கிற பையன் வெளிப்பக்கத்து ஏணியில் மாடி ஏறுவான். 'தெரியுதா?' என்பான். 'வந்துருச்சு... போயிருச்சு... இன்னும் கொஞ்சம்' என்று கீழேயிருந்து கத்துவார்கள். படம் ஆடாமல் நின்றதும் 'அப்படியே பிடிச்சுக்க' என்பார்கள். அவன் கம்பத்தைப் பிடித்தபடியே நிற்பான். அந்தப் பாட்டை ஊரே பார்த்திருக்கும், அவன் ஒருவனைத் தவிர. உங்கள் குழுவில் வந்து விழும் ஆண்டெனா படங்களில் அந்தப் பையன் எங்கே?

அதே கூடத்தில் இன்னொருவருக்கும் பாட்டு கிடைத்ததில்லை. வந்தவர்கள் எழுந்து போன பிறகு வேர்க்கடலைத் தோலையும் கால்மண்ணையும் பெருக்கித் தள்ளிய அந்த வீட்டு அம்மாள். அடுப்படி வாசலில் கரண்டியோடு நின்றபடி அவர் பார்த்ததெல்லாம் பாட்டுக்கு ஒரு வரி. இவரைப் பற்றியும் ஒரு மீம் வந்ததில்லை.

ஜன்னலில் நின்றது எப்போது முடிவுக்கு வந்தது? 1993இல் சன் டிவி வந்தபோதும் முடியவில்லை. கேபிள் வந்தது, ஜன்னல் அப்படியே இருந்தது. 2006 செப்டம்பரில் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தில்தான் முடிந்தது. 14 அங்குலப் பெட்டி. 2011க்குள் 1.5 கோடிக்கும் அதிகமான வீடுகளுக்குப் போனது. இதே கேள்வி-பதில் பகுதியில் அன்றிலிருந்து நான் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன். 'ஓசி டிவி கொடுத்து ஜனங்களைச் சோம்பேறி ஆக்குகிறார்கள்' என்று அன்று கடிதம் எழுதியவர்களுக்கு ஒன்றைச் சொன்னேன், இன்றைக்கும் அதையேதான் சொல்கிறேன். தன் வீட்டில் தன் பாயில் உட்கார்ந்து படம் பார்ப்பது சோம்பேறித்தனம் என்றால், அதுவரை கூடத்தில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு என்ன பெயர்? ஆசியாவிலேயே பெரிய திட்டம், ஓட்டுக்கான திட்டம் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். ஓட்டுக்காகவே இருக்கட்டும். செங்கல் அடுக்கி ஏறிய பையனின் பிள்ளை கல் அடுக்கவில்லை. எனக்கு அது போதும்.

இலவச டிவியைக் கேலி செய்கிறவரே அடுத்த நாள் 'ஊரே ஒன்றாக உட்கார்ந்து பார்த்த பொற்காலம்' என்று படம் போடுகிறார். ஊர் ஒன்றாக உட்காரவில்லை ஐயா. உட்கார்ந்தவர்கள் உட்கார்ந்தார்கள், நின்றவர்கள் நின்றார்கள்.

இதில் உங்களைக் குறை சொல்ல மாட்டேன். நின்ற நீங்களே அதைச் சுகம் என்று எழுதும்படி ஆக்கியது எது என்றுதான் பார்க்கிறேன். நினைவுப் பக்கங்கள் நடக்கிற விதம் அப்படி. ஒரு கேசட், ஒரு பென்சில், கீழே 'இதை அனுபவித்தவர்கள் லைக் போடுங்கள்'. இப்படிக் கேட்டு லைக் வாங்கும் பதிவுகளைக் கீழே தள்ளப்போவதாக ஃபேஸ்புக் 2017 டிசம்பரில் அறிவித்தது. பதிவுகள் குறைந்தபாடில்லை. இனிப்பாக எழுதினால் ஆயிரம் பேர் பகிர்கிறார்கள். 'எங்களை உள்ளே விடவில்லை' என்று எழுதினால் நாலு பேர் படித்துவிட்டுச் சத்தமில்லாமல் நகர்ந்துவிடுகிறார்கள். எழுதியவனுக்கும் அடுத்த முறை எது எடுபடும் என்று பிடிபட்டுவிடுகிறது. பத்து வருடம் இப்படிப் போனால் சொந்த ஞாபகமே மாறிப்போகும். 2015 முதல் 'இதே நாளில்' என்று பழைய பதிவை ஃபேஸ்புக்கே எடுத்து நீட்டுகிறது. நாமாக ஞாபகப்படுத்திக்கொள்கிற வேலையும் மிச்சம்.

இந்தப் பக்கங்கள் செய்யும் இன்னொரு காரியத்தைச் சொல்லாமல் விட்டால் எனக்குச் சோறு இறங்காது. பாட்டுப் புத்தகம் ஞாபகம் இருக்கிறதா? தியேட்டர் வாசலில் விற்பார்கள். நடிகர்கள் பெயர், பாட்டெழுதியவர் பெயர், கதைச்சுருக்கம், கடைசியில் 'மீதியை வெள்ளித்திரையில் காண்க'. அந்த அட்டையை ஸ்கேன் செய்து போடுகிறவர்கள் அச்சகத்தின் பெயர் இருக்கும் அடிப்பகுதியை வெட்டிவிட்டு, அங்கே தங்கள் பக்கத்தின் முத்திரையைப் பதிக்கிறார்கள். பார்க்கிறவன் வயிறு எரிகிறது. தமிழின் முதல் பேசும் படமான 'காளிதாஸ்' (1931) படச்சுருள் இன்று நம்மிடம் இல்லை. போனது போகட்டும் என்று எல்லோரும் இருந்திருந்தால் காகிதத்தில் இருந்தவையும் போயிருக்கும். காரைக்குடிக்குப் பக்கத்தில் கோட்டையூரில், பெயர்ப்பலகை எழுதும் ஓவியராக இருந்த ரோஜா முத்தையா தன் கைக்காசில் புத்தகம், நோட்டீஸ், பாட்டுப் புத்தகம் என்று சேர்த்தார். 1992இல் அவர் மறைந்த பிறகு அந்தச் சேகரிப்பைச் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது. இன்று சென்னையில் அவர் பெயரிலேயே ஆராய்ச்சி நூலகமாக நிற்கிறது. அவர் எந்தத் தாளின் அடியையும் வெட்டவில்லை. ஃபேஸ்புக் போல முன்பு இருந்த ஆர்குட் வலைத்தளத்தின் குழுமங்களில் பழைய பாட்டுகளைப் பற்றி இரவிரவாக எழுதித் தள்ளினோமே, 2014 செப்டம்பரில் கடையைக் கட்டினார்கள். அதையெல்லாம் எந்த நூலகத்தில் போய்ப் பார்ப்பது?

பெயர் சொல்கிற பழக்கத்துக்கு வானொலியைத்தான் கும்பிட வேண்டும். இலங்கை வானொலியில் அறிவிப்பாளர்கள் கே.எஸ். ராஜாவையும் அப்துல் ஹமீதையும் கேட்டு வளர்ந்தவர்களுக்குப் பாட்டென்றால் படம், பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர் எல்லாம் சேர்ந்ததுதான். இப்போது வருகிற துணுக்கு வீடியோக்களில் நடிகர் பெயர் மட்டும்தான். பாட்டே அவர் எழுதிப் பாடி இசையமைத்தது போல. கவிஞரின் வாரிசுகள் மனம் என்ன பாடுபடும் என்று ஒருவரும் யோசிப்பதில்லை.

நம்மூர் ஆகாசவாணியின் நேயர் விருப்பமும் அப்படித்தான். 15 காசு அஞ்சலட்டையில் எழுதிப் போட்டால், பாட்டுக்கு முன்னால் விரும்பிக் கேட்டவர்களின் பெயரும் ஊரும் வரிசையாக வரும். பாட்டைவிட அந்தப் பெயர்களுக்காகவே காதைத் தீட்டிக்கொண்டு இருந்தோம். தன் பெயர் வந்துவிட்டால் ஒரு வாரத்துக்கு அவன் ஊரில் பெரிய ஆள். அந்த அட்டைக்குக் கூடமும் இல்லை, ஜன்னலும் இல்லை. காலனிப் பையன் பெயரும் பண்ணையார் மகன் பெயரும் ஒரே மூச்சில் வாசிக்கப்பட்டன. அதைக் கேட்ட டீக்கடையில் இரட்டைக் குவளை இருந்தது என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன். ரேடியோவிலிருந்து வந்த குரல் மட்டும் ஆள் பார்க்கவில்லை.

சமூக வலைத்தளத்தால் லாபமும் இருக்கிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை மூழ்கியபோது படகு எங்கே, சாப்பாடு எங்கே, யார் வீட்டு மாடியில் யார் சிக்கியிருக்கிறார்கள் என்று முகம் தெரியாதவர்கள் ஃபேஸ்புக்கிலும் வாட்ஸ்அப்பிலும் சொல்லிச் சொல்லி உயிர்களைக் காப்பாற்றினார்கள். இதை யாரும் மறுக்க முடியாது. அதைவிடவும் பெரிதாக நான் நினைப்பது வேறு. நினைவுப் பதிவு எவ்வளவு இனித்தாலும் கீழே ஐம்பதாவது பின்னூட்டத்தில் ஒருவர் வந்து, 'நாங்கள் அந்தத் திண்ணையில் ஏற முடியாது' என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போகிறார். அவர் அதை அந்த ஊரில் அதற்கு முன் எங்கே சொல்லியிருக்க முடியும்? பஞ்சாயத்திலா, கோயில் வாசலிலா? பத்திரிகைக்கு எழுதியிருந்தாலும் நாங்கள் எத்தனை கடிதத்தைப் போட்டிருப்போம்? அந்த ஒரு வரிக்காகவே மொத்தக் குப்பையையும் தினமும் கிளறத் தயாராக இருக்கிறேன்.

இப்போது உங்கள் குழுவுக்கு வருகிறேன். அட்மின் யார்? டிவி வீட்டுப் பையன்தானே? உறுப்பினர் பட்டியலைத் திறந்து மேலிருந்து கீழே வாருங்கள். கூடத்தில் உட்கார்ந்தவர்கள் எத்தனை பேர், திண்ணையில் இருந்தவர்கள் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். ஜன்னலில் உங்களோடு நின்றவர்களில் எத்தனை பேரின் எண் அந்தப் பட்டியலில் இருக்கிறது? ஆண்டெனாவைப் பிடித்துக்கொண்டு நின்றவன் இருக்கிறானா? இல்லையென்றால் இது அந்தக் கூடமேதான், கைப்பேசிக்குக் குடிவந்திருக்கிறது. நீங்கள் ஒருவர் மட்டும் எப்படியோ உள்ளே வந்துவிட்டீர்கள். மற்றவர்களையும் தேடிப் பிடித்துச் சேருங்கள். திருப்பூரிலோ திரிச்சூரிலோ சிங்கப்பூரிலோ இருப்பார்கள், எண் கிடைக்காமல் போகாது.

சேர்த்த பிறகு வருகிற வெள்ளிக்கிழமை குழுவில் இரண்டே வரி எழுதுங்கள். 'உங்கள் வீட்டு ஜன்னலில் நின்றுதான் பாட்டுப் பார்த்தேன். எங்களை ஏன் உள்ளே கூப்பிடவில்லை?' கோபமாக எழுத வேண்டாம், கேள்வியாகவே எழுதுங்கள். சிலர் பேச்சை மாற்றக் கோல்ட் ஸ்பாட் படம் போடுவார்கள். விடாதீர்கள். என்ன பதில் வந்தது என்று எனக்கு எழுதுங்கள், வெட்டாமல் போடுகிறேன். ஊரையும் ஆண்டையும் குறிப்பிட மறக்க வேண்டாம். மாடி ஏறிய பையன் சம்மதித்தால் அவர் பெயரையும்.