வாசகர் கேள்வி – பதில்: சச்சின் பேட்டும் வார்ன் மணிக்கட்டும்

உலகின் பெயர்பெற்ற கிரிக்கெட் வீரர்கள் குறித்து வேலூர் வட்டாரத்திலிருந்து வந்த கேள்விகளில் சில இங்கே.

உலகில் மிகப் பிரபலமான ஆட்டக்காரரும் மிகச் சிறந்த ஆட்டக்காரரும் ஒருவர்தானா?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், ஆற்காடு

இல்லை ஐயா. ஜனங்களின் அன்பை அளவாக எடுத்தால் சச்சினும் கோலியும்தான் முன்னால் நிற்பார்கள். ஆட்டத்தை மட்டும் அளவாக எடுத்தால் ஆஸ்திரேலியாவின் டான் பிராட்மேனைத் தாண்டி ஒரு பெயர் சொல்வது கஷ்டம். 52 டெஸ்ட், 80 இன்னிங்ஸ், 6,996 ரன், 29 சதம், சராசரி 99.94. இருபது டெஸ்டுக்கு மேல் ஆடி, நீண்ட காலம் அவருக்கு அடுத்த வரிசையில் பேசப்பட்ட கிரேம் போலக்கின் சராசரி 60.97. அதாவது முதலிடத்துக்கும் அடுத்த வரிசைக்கும் நடுவே கிட்டத்தட்ட 40 ரன். வேறெந்தப் பெரிய விளையாட்டிலும் இவ்வளவு பெரிய இடைவெளி இருக்கிறதா என்பது சந்தேகம்தான். 1948-ல் ஓவல் மைதானத்தில் கடைசியாக ஆட வந்தபோது, சராசரி 100 ஆக அவருக்குத் தேவைப்பட்டது 4 ரன். எரிக் ஹாலிஸ் வீசிய கூக்ளியில் (லெக் ஸ்பின் போலத் தெரிந்து எதிர்ப்பக்கம் திரும்பும் பந்து) ரன் எடுக்காமலே போல்டு ஆனார்.

அவரை உருவாக்கிய பயிற்சி எளிமையானது. பௌரல் ஊரில் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைத் தாங்கிய செங்கல் மேடையில் கோல்ஃப் பந்தை எறிவார். அது தாறுமாறாகத் திரும்பி வரும். அதை பேட்டால் அல்ல, ஒற்றை ஸ்டம்பால் அடிப்பார். ஸ்டம்பின் அகலம் பேட்டின் அகலத்தில் பாதிகூட இல்லை. இதில் வளர்ந்தது கை பலம் அல்ல. பந்து கிளம்பிய மறுகணமே அது வந்து சேரும் இடத்தைக் கண்டுபிடிக்கும் கண்ணும், அதற்கேற்ப நகரும் காலும்தான்.

எல்லாத் துறையும் சேர்த்துப் பார்த்தால் மேற்கிந்தியத் தீவுகளின் கேரி சோபர்ஸ். 93 டெஸ்டில் 8,032 ரன், 235 விக்கெட், 109 கேட்ச். வேகப்பந்து, விரல் சுழல், மணிக்கட்டுச் சுழல் மூன்றையும் இடது கையால் வீசியவர். எங்கள் ஓட்டு பிராட்மேனுக்கு, அதற்கு மிக அருகில் சோபர்ஸ்.

என் மகனுக்கு 12 வயது. சச்சின் கனமான பேட் வைத்திருந்தார் என்று சொல்லி, 1,300 கிராம் பேட்தான் வேண்டும் என்கிறான். வாங்கித் தரலாமா?
— ஒரு தந்தை, அணைக்கட்டு

தயவுசெய்து வேண்டாம். சச்சினின் பேட் 1.4 கிலோவை ஒட்டியது என்பது உண்மைதான். ஆனால் அவர் பிடித்த விதம் வேறு. இரண்டு கைகளையும் கைப்பிடியின் அடிப்பக்கம் இறக்கிப் பிடிப்பார், பேட்டை அதிக உயரம் தூக்க மாட்டார், வீசி அடிப்பதைவிடப் பந்தின் மேல் எடையை வைத்துத் தள்ளுவார். முன்னங்கை முற்றிய ஆளுக்கு அது சரிவரும். சிறுவன் அதே எடையைத் தூக்கினால் கீழ்க்கை ஆதிக்கம் செலுத்தும், பேட் குறுக்கே வரும், ஆஃப் பக்கம் போக வேண்டிய பந்து மிட் ஆனுக்குக் கேட்சாகும், புல் ஷாட் எப்போதும் தாமதமாகும். சச்சினே 2004-ல் முழங்கை வலியால் ஆட்டங்களைத் தவறவிட்டவர்.

கடையிலேயே சோதித்துவிடலாம். வலது கை ஆட்டக்காரர் என்றால் இடது கையால் மட்டும் பேட்டைப் பிடித்து, தோள் உயரத்துக்கு முன்னால் நீட்டச் சொல்லுங்கள். பத்து எண்ணும்வரை நுனி தொங்கக் கூடாது. தொங்கினால் கனம் அதிகம். நீளத்துக்கு, ஷூ போட்டு நிற்க வைத்து பேட்டைக் காலோடு ஒட்டி நிறுத்துங்கள். கைப்பிடியின் மேல்நுனி இடுப்பு மூட்டுவரை வந்தால் போதும். இந்த வயதுக்குப் பெரும்பாலும் 5 அல்லது 6-ம் நம்பர், ஒரு கிலோவுக்குள். "வளர்ந்துவிடுவான், பெரிதாகவே வாங்கிவிடலாம்" என்று வாங்கும் பேட்தான் பிள்ளைகளின் ஆட்டத்தை அதிகம் கெடுக்கிறது.

வாங்கியதும் நேராக கார்க் பந்தை அடித்தால் அடிநுனி பிளக்கும். முகப்பு, ஓரம், அடிநுனி ஆகியவற்றில் ஒரு டீஸ்பூன் பச்சை ஆளிவிதை எண்ணெயை மெல்லத் தடவி, பேட்டைப் படுக்க வைத்து ஓர் இரவு விடுங்கள். கைப்பிடி பொருத்தியிருக்கும் இடத்தில் எண்ணெய் படக் கூடாது, பசை விட்டுவிடும். இப்படி இரண்டு முறை செய்த பின், மரச் சுத்தியால் லேசாகத் தொடங்கிப் பல நாளில் மொத்தம் ஐந்தாறு மணி நேரம் தட்டுங்கள். ஓரங்களை நேராக அடிக்காமல் சாய்வாகத் தட்டி உருட்ட வேண்டும். நம் ஊர் மே மாத வெயிலில் மொட்டை மாடியிலோ வண்டியிலோ பேட்டை விட்டுவைத்தால் மரத்தின் ஈரப்பதம் வற்றி விரிசல் விழும். பலரும் பேட்டைத் தொலைப்பது அப்படித்தான்.

சச்சினிடமிருந்து உங்கள் மகன் எடுத்துக்கொள்ள வேண்டியது வேறொன்று. 2004 ஜனவரி, சிட்னி. அந்தத் தொடரில் ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே டிரைவ் ஆடப் போய் அவுட்டாகிக்கொண்டிருந்தவர், அந்த டெஸ்டில் கவர் டிரைவையே ஒதுக்கிவைத்தார். 436 பந்து, ஆட்டமிழக்காமல் 241. தனக்குப் பிடித்த ஷாட்டை அத்தனை மணி நேரம் தொடாமல் இருந்த மனக்கட்டுப்பாடு, அவருடைய எந்த அதிரடிச் சதத்தையும்விடப் பெரியது என்பது எங்கள் கருத்து.

வார்ன் பந்து காற்றிலேயே உள்ளே வந்து, பிட்ச் ஆனதும் வெளியே திரும்புகிறதே, அது எப்படி? நான் வீசினால் ஃபுல் டாஸ் அல்லது அரைக்குழிப் பந்துதான் (பாதித் தூரத்திலேயே குட்டையாக விழுவது) வருகிறது.
— கல்லூரி மாணவர், காட்பாடி

தம்பி, 1993 ஜூன் 4-ம் தேதி ஓல்ட் டிராஃபோர்டில் இங்கிலாந்தின் மைக் கேட்டிங்குக்கு ஆஸ்திரேலியாவின் ஷேன் வார்ன் வீசிய பந்து லெக் ஸ்டம்புக்கு வெளியே விழுந்து ஆஃப் ஸ்டம்பின் உச்சியில் பட்டது. இங்கிலாந்தில் ஆஷஸ் (இங்கிலாந்து–ஆஸ்திரேலியா தொடர்) டெஸ்டில் அவர் வீசிய முதல் பந்து அது. வேகமாகச் சுழலும் பந்து தன்னைச் சுற்றியுள்ள காற்றை ஒரு பக்கமாக வளைத்து அனுப்புகிறது. அதன் எதிர்விளைவாகப் பந்து மறுபக்கம் நகர்கிறது. லெக் ஸ்பின்னின் சுழற்சி, வலது கை பேட்ஸ்மேனுக்குப் பந்தைக் காற்றில் லெக் பக்கம் இழுக்கும். கூடவே முன்னோக்கிய சுழலும் கலந்திருந்தால் எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் கீழே இறங்கும். தரையைத் தொட்டதும் ஆஃப் பக்கம் திரும்பும். சுழற்சி குறைவானால் இதில் எதுவும் நடக்காது. ஆகவே முதல் வேலை லைன் லெங்த் (பந்தின் திசையும் விழும் தூரமும்) அல்ல, பந்தைச் சுழற்றுவது.

ஆள்காட்டி விரலும் நடுவிரலும் தையலுக்குக் குறுக்கே. மடித்த மோதிர விரலின் பக்கவாட்டு தையலோடு ஒட்டி இருக்கட்டும். பந்தைச் சுண்டுவது அந்த விரல்தான். கட்டைவிரல் சும்மா தாங்கினால் போதும். பிடியை இறுக்காதீர்கள், இறுக்கினால் மணிக்கட்டு பூட்டிக்கொள்ளும். முதல் வாரம் ஓடி வராமல், பக்கவாட்டில் நின்று 10 மீட்டர் தூரத்தில் நண்பர் கைக்குத் தூக்கிப் போடுங்கள். ஒரு டென்னிஸ் பந்தின் நடுவே கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒரு சுற்று ஒட்டுங்கள். கோடு ஆடாமல் முதல் ஸ்லிப்பை நோக்கிச் சுற்றினால் லெக் பிரேக் சரியாக இருக்கிறது. நேராக பேட்ஸ்மேனை நோக்கிச் சுற்றினால் மணிக்கட்டு முந்திக்கொண்டது, அது டாப் ஸ்பின். கோடு பம்பரம் தலைசாய்ந்ததுபோல் தள்ளாடினால் விரல் தையலைவிட்டு நழுவியிருக்கிறது.

உங்கள் ஃபுல் டாஸுக்கும் அரைக்குழிக்கும் காரணம் பெரும்பாலும் ஒன்றே. இடது தோள் சீக்கிரம் திறந்துகொள்கிறது, தலை ஆஃப் பக்கம் சாய்கிறது. அப்புறம் பந்தை விடும் இடம் ஒவ்வொரு முறையும் மாறும். இடது கையை உயர்த்தி, அந்தத் தோளுக்கு மேலாக பேட்ஸ்மேனைப் பாருங்கள். முன்கால் ஊன்றும்வரை அந்தத் தோள் திரும்பக் கூடாது. வார்ன் சில எட்டுகள் நடந்தே வந்தார், அவருடைய வேகமெல்லாம் தோளிலும் இடுப்பிலும் இருந்தது. நீங்கள் ஓட்டத்தை நீட்டினால் சிக்கல்தான் கூடும்.

மேட்டிங்கில் பழகுபவராக இருந்தால் ஒரு எச்சரிக்கை. பாய் பந்தைப் பிடித்துத் திருப்பும், எழுப்பவும் செய்யும். அங்கே திரும்பியதை நம்பி விரலைச் சோம்பவிட்டால் மண் பிட்சில் பந்து நேராகப் போகும். பாயை நாலு மூலையும் இழுத்து ஆணி அடியுங்கள். தொய்ந்த பாயில் எல்லாப் பந்தும் நின்று வரும், அதில் ஒன்றும் கற்க முடியாது. கூக்ளியை ஒரு வருடம் தள்ளிப்போடுங்கள். லெக் பிரேக் நிலைக்கும் முன் கூக்ளிக்குப் போனவர்களுக்கு இரண்டுமே போய்விடுவது வழக்கம். வார்னின் 708 டெஸ்ட் விக்கெட்டுகளில் பெரும்பகுதிக்கு அடித்தளம் அந்த லெக் பிரேக்தான்.

இலங்கையின் முரளிதரன் பந்தை வீசவில்லை, கையை மடக்கி நீட்டி எறிந்தார் என்கிறார்களே?
— ராணிப்பேட்டை வாசகர்

பிறவியிலேயே அவருக்கு முழங்கை முழுதாக நீளாது. விதி தடுப்பது வளைந்த கையை அல்ல, வீசும்போது அதை நீட்டுவதை. பலமுறை ஆய்வகத்தில் சோதித்தார்கள். வேகப்பந்து வீச்சாளர்கள் பலரின் முழங்கையும் கண்ணுக்குத் தெரியாமல் நீள்வதைப் படக்கருவிகள் காட்டிய பின், எல்லோருக்கும் பொதுவாக 15 டிகிரி என்று வரம்பு வந்தது. 133 டெஸ்டில் 800 விக்கெட் எடுத்தவரைச் சந்தேகத்தோடு பார்ப்பது நியாயமல்ல.

நாங்கள் தோல் பதனிடுகிறவர்கள். கிரிக்கெட் பந்துக்கு என்ன தோல்? வாசிம் அக்ரம் பழைய பந்தை எப்படி ஸ்விங் செய்தார்?
— டேனரி தொழிலாளி, வாணியம்பாடி

உங்கள் கேள்வி மகிழ்ச்சி தருகிறது. மாட்டுத் தோல்தான். ஆனால் நம் பக்கம் அந்தக் காலத்தில் வழங்கிய ஆவாரம்பட்டையோ, இப்போதைய குரோமோ அல்ல, படிகாரத்தில் பதனிட்டது. வெள்ளையாக வருவதால் சிவப்புச் சாயம் நன்றாக ஏறும். உள்ளே கார்க், அதைச் சுற்றிக் கம்பளி நூல், மேலே நாலு துண்டுத் தோல், ஆறு வரிசைத் தையல். எடை 155.9 முதல் 163 கிராம். மீரட்டில் தயாராகும் எஸ்.ஜி. பந்தில் ஆறு வரிசையும் கைத்தையல், அதனால் தையல் மேடு நெடுநேரம் நிற்கும். ஆஸ்திரேலியாவின் கூக்கபுராவில் நடு இரண்டு வரிசைதான் கைத்தையல், மற்றவை இயந்திரம். அதனால் தையல் சீக்கிரம் படிந்துவிடும்.

புதுப் பந்தில் தையலை முதல் ஸ்லிப் பக்கம் சற்றே சாய்த்து, பளபளப்பான பக்கத்தை லெக் பக்கம் வைத்தால் அவுட் ஸ்விங். தையலில் மோதிக் கலைந்த காற்று பந்தோடு அதிக நேரம் ஒட்டிச் செல்கிறது, வழவழப்பான பக்கத்தில் சீக்கிரம் பிரிகிறது. பந்து சொரசொரப்பான பக்கம் போகும். ஜேம்ஸ் ஆண்டர்சனின் 704 டெஸ்ட் விக்கெட்டுக்கு இதுவே மூலதனம். பந்து பழையதாகி ஒரு பக்கம் நன்றாகத் தேய்ந்து, வேகமும் அதிகமாக இருந்தால் கணக்கு தலைகீழாகும். பந்து பளபளப்பான பக்கம் நகரும். அதுதான் ரிவர்ஸ் ஸ்விங். 1992 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் ஆலன் லாம்ப், கிறிஸ் லூயிஸ் இருவரையும் அடுத்தடுத்த பந்தில் அக்ரம் போல்டாக்கியது பழைய பந்தில்தான்.

நம் கல்தரை மைதானங்களில் பந்து சீக்கிரமே சொரசொரப்பாகும், அது சாதகம். ஆனால் இரண்டு பக்கமும் சேர்ந்து தேய்ந்தால் பயனில்லை. ஒரு பக்கத்தை அப்படியே தேய விட்டுவிடுங்கள், மறுபக்கத்தை வேர்வையால் மட்டும் துடைத்துத் தேயுங்கள். எச்சில் இப்போது தடை. நகத்தாலோ மூடியாலோ கீறினால் எதிரணிக்கு 5 ரன். சொரசொரப்பான பக்கத்தில் ஈரக்கை படவே கூடாது. பந்து பழையதானால் பெரும்பாலும் ஸ்விங் நிற்பது அந்தக் கவனக்குறைவால்தான்.

பும்ராவைப் போல் யார்க்கர் (பேட்ஸ்மேனின் காலடியிலேயே விழும் பந்து) வீச என்ன செய்வது? அவர் ஆக்‌ஷனையே பழகுகிறேன்.
— பத்தாம் வகுப்பு மாணவர், குடியாத்தம்

ஆக்‌ஷனை விட்டுவிடு, தம்பி. அவர் முழங்கை இயல்பாகவே பின்னோக்கி வளையும், அதனால் பந்தை மற்றவர்களைவிடச் சற்று முன்னால் விடுகிறார். அது உடல்வாகு. முதுகுக் காயத்துக்கு 2023-ல் அறுவை சிகிச்சையும் செய்துகொண்டவர்.

பின்பற்ற வேண்டியது அவர் சிறுவயதுப் பயிற்சி. வீட்டில் அம்மாவின் தூக்கம் கெடாமல் இருக்க, சுவரும் தரையும் சேரும் மூலையிலேயே பந்தை விழச் செய்வார். அங்கே பட்டால் சத்தம் குறைவு. நீ ஒரு ஸ்டம்பின் அடியில் பழைய செருப்பை வைத்து அதையே குறிபார். பந்து ஃபுல் டாஸ் ஆனால் சீக்கிரம் விட்டிருக்கிறாய், குட்டையாக விழுந்தால் தாமதம். ஒரு நாளைக்கு 24 யார்க்கர் போதும், இடையில் ஓய்வோடு. அக்னி நட்சத்திர நாட்களில் காலை எட்டரைக்குள் முடித்துவிடு.

ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே போகும் பந்தில் எட்ஜ் ஆகிக்கொண்டே இருக்கிறேன். கோலி எப்படிச் சரிசெய்தார்?
— பள்ளி அணி மாணவி, வாலாஜாபேட்டை

2014 இங்கிலாந்துத் தொடரில் கோலி 10 இன்னிங்ஸில் 134 ரன்தான். உள்ளே வரும் பந்தை அதிகம் எதிர்பார்த்ததால் இடுப்பு முன்கூட்டியே திறந்துகொண்டது. வெளியே போகும் பந்து விளிம்பில் பட்டது. பிறகு இடுப்பைப் பக்கவாட்டிலேயே வைத்து, கிரீஸுக்கு வெளியே நின்று, ஸ்விங் முழுமை பெறும் முன் பந்தைச் சந்தித்தார். 2018-ல் அதே நாட்டில் 593 ரன். ஆண்டர்சனால் அந்தத் தொடரில் ஒருமுறைகூட அவரை வீழ்த்த முடியவில்லை.

நீங்கள் செய்ய வேண்டியது: ஒரு தோழியைப் பக்கவாட்டிலிருந்தும், இன்னொருவரை பௌலர் பக்கமிருந்தும் போனில் படம் எடுக்கச் சொல்லுங்கள். பந்து வரும் முன் உங்கள் முன்காலின் பெருவிரல் மிட் ஆஃபைப் பார்த்தால் இடுப்பு திறந்துவிட்டது. பந்தைத் தலைக்கு நேர்கீழே தொடுகிறீர்களா, முன்னால் கையை நீட்டியா என்றும் பாருங்கள். நீட்டித் தொடுவதுதான் ஸ்லிப்புக்குப் போகிறது.

தோனி ஸ்டம்பிங்கில் மட்டும் ஏன் அவ்வளவு வேகம்?
— விக்கெட் கீப்பர், திருப்பத்தூர்

மற்றவர்கள் பந்தை வாங்கும்போது கையைப் பின்னுக்கு இழுத்து, மறுபடி ஸ்டம்புக்குக் கொண்டுவருவார்கள். தோனி ஸ்டம்பை ஒட்டியே வாங்கி, இழுக்காமல் அப்படியே தட்டிவிடுவார். சர்வதேச ஆட்டங்களில் 195 ஸ்டம்பிங். ஆனால் நீங்கள் முதலில் கையை இழுத்து வாங்கவே பழகுங்கள். இறுகிய கையில் பட்ட பந்து தெறித்துவிடும். சுழற்பந்தில் நூற்றுக்குத் தொண்ணூறு கையில் தங்கும் நிலை வந்த பிறகு, சுவரில் எறிந்து திரும்பும் டென்னிஸ் பந்தை ஸ்டம்பின் பக்கத்தில் கையை இழுக்காமல் பிடித்துப் பாருங்கள். முதலில் கிளவுஸ் இல்லாமல், பிறகு கிளவுஸோடு.